சாணைக்கல்லும் சுவாசமும்: ஷெபீல்ட் தொழிலாளர் முகக்கவசத்தை மறுத்த வரலாறு

கருவிகளின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. கல்லாயுதம் தொடக்கம் நீராவி இயந்திரம் வரையில் மனிதன் ஆக்கிக்கொண்ட சாதனங்களைக் கொண்டே வரலாற்றுக் காலங்களை வகுத்துக்கொள்ளும் வழக்கமும் எம்மிடையே உண்டு. ஆயின், அக்கருவிகளைக் கையாண்டவனின் கண்ணையும் கையையும் சுவாசப்பையையும் காப்பதற்கென எழுந்த சாதனங்களின் வரலாறு பாடநூல்களிலே இடம்பெறுவது அரிது. கைத்தொழிற் புரட்சி பற்றிய வினாவுக்கு விடையெழுதும் மாணவன் நூற்கும் இயந்திரத்தின் பெயரையும் அதனைக் கண்டவன் பெயரையும் மனனஞ் செய்து எழுதுகின்றான். முகமூடி பற்றி அவனிடம் எவரும் வினவுவதில்லை.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது நூலொன்றன்று. எமது ஊர்ச் சந்தியிலே இரும்புக் கேற்றுகளும் யன்னற் கம்பிகளும் செய்யும் வேலைத்தலம் ஒன்று உண்டு. சென்ற விடுமுறையின்போது அங்கு சிறிது நேரம் நின்றேன். ஒட்டிய பொருத்துக்களைக் ‘கிரைண்டர்’ கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தவரைச் சுற்றித் தீப்பொறி மழைபோலச் சொரிந்தது. அவர் கண்ணைச் சுருக்கி, தலையை ஒரு புறம் சாய்த்துக்கொண்டு வேலை செய்தார். பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று சுவரிலே ஆணியில் தொங்கியது. ஏன் அதனை அணியவில்லை என்று கேட்டேன். “அதைப் போட்டால் வேலை ஓடாது, தம்பி” என்றார்.

அறியாமை, அசட்டை என்பனவே இத்தகைய மறுப்புக்கு வழமையாகக் கூறப்படும் காரணங்கள். தொழிலாளிக்கு ஆபத்தை எடுத்துரைத்தால் அவன் கவசம் அணிவான் என்னும் எடுகோளின் மீதே பாதுகாப்புச் சுவரொட்டிகள் யாவும் நிற்கின்றன. இவ்வெடுகோள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, இதே வகை வேலையைச் செய்து, இதே வகையில் கவசத்தையும் மறுத்த வேறொரு தொழிலாளர் கூட்டத்தின் வரலாற்றைக் கொண்டு பரிசீலித்தல் தகும். அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் வாழ்ந்த சாணைத் தொழிலாளர்.

தூசியிலிருந்து முகத்தை மூடிக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோம அறிஞர் பிளினி, சாதிலிங்கத்தைத் தூளாக்குவோர் அத்தூளைச் சுவாசியாதிருக்கும் பொருட்டு விலங்குகளின் சிறுநீர்ப்பைத் தோலை முகத்தில் அணிந்தமையைக் குறிப்பிடுகின்றார். 1556இல் வெளிவந்த அக்ரிக்கோலாவின் சுரங்கத்தொழில் நூலிலும், 1700இல் இத்தாலிய வைத்தியர் ராமசீனி தொழிலாளரின் நோய்கள் பற்றி எழுதிய நூலிலும் கற்றூசியினால் சுவாசம் கெடும் செய்தி பேசப்படுகின்றது. எனவே, ஷெபீல்டின் கதை தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, தூசி ஆளைக் கொல்லும் என்ற அறிவு மனிதரிடம் இருந்தது.

ஷெபீல்ட், யோர்க்‌ஷயரின் தென்பகுதியில், பெனைன் மலைகளின் அடிவாரத்தில் அமைந்த நகர். டொன், ஷீவ், றிவலின், லொக்ஸ்லி, போர்ட்டர் என்னும் ஐந்து ஆறுகள் அம்மலைகளிலிருந்து விரைந்திறங்கி நீர்ச்சில்லுகளைச் சுழற்றின. சாணைக்கல்லுக்கேற்ற மணற்கல் அயலிலேயே கிடைத்தது. 1624இலே பாராளுமன்றச் சட்டமொன்றினால் இவ்வட்டாரத்துக் கத்தி செய்வோரின் சங்கம் அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் ஷெபீல்ட் என்னும் பெயர் பொறித்த சவரக்கத்திகளும் மேசைக்கத்திகளும் பிரித்தானியரின் குடியேற்ற நாடுகள் எங்கணும் சென்றன. இலங்கை அதற்கு விலக்கன்று.

சாணை பிடித்தல் என்றதும் மிதிசில்லோடு தெருவில் வந்து வீட்டுக் கத்திகளைத் தீட்டிக் கொடுப்பவரே எமது நினைவுக்கு வருவார். ஷெபீல்டிலே நடந்தது அதுவன்று. அடித்து உருவாக்கிய உருக்குத் துண்டின் மேற்பரப்பைத் தேய்த்தகற்றி, அதற்குக் கத்தியின் வடிவத்தையும் வாயையும் கொடுப்பதே அங்கு சாணைத் தொழிலாளியின் பணியாக இருந்தது. குதிரைமீது ஏறியிருப்பவனைப் போல அவன் ஒரு மரக்கட்டையின் இருபுறமும் காலிட்டு அமர்ந்து, முன்னே சுழலும் கல்லின்மீது கவிந்து, நாள் முழுவதும் உருக்கை அழுத்திப் பிடிப்பான். கல்லின் அடிப்பாகம் நீர்த்தொட்டியில் தோய்ந்து சுழலுமாயின் அஃது ஈரச் சாணை. அவ்வாறன்றி முட்கரண்டி, ஊசி முதலியன நீரின்றியே தேய்க்கப்பட்டன. கொடியது இவ்வுலர் சாணையே. ஆயினும் ஈரச் சாணைக்காரரும் தப்பினாரல்லர். புதிய கல்லை அச்சிலேற்றி அதன் விளிம்பை வட்டமாகச் சீர்செய்யும் வேலை உலர்ந்த நிலையிலேயே நடைபெற்றது. அவ்வேளையில் அறை முழுவதும் கற்றூசியால் நிறைந்துவிடும். இவை தவிர, மறைந்திருந்த வெடிப்பினால் கல் சுழலும்போதே பிளந்து சிதறி, எதிரே அமர்ந்திருப்பவனைக் கொன்ற நிகழ்ச்சிகளும் உண்டு.

ஆற்றங்கரைகளில் நீர்ச்சில்லை நம்பித் தொழில் நடந்த காலத்திலே இந்நோய் பெருங் கொடுமையாகத் தோன்றவில்லை. சிறிய கட்டடங்கள், சில கற்கள், காற்று தாராளமாக வந்துபோகும் திறப்புக்கள் என்றவாறே அக்காலத்து வேலைத்தலங்கள் இருந்தன. கோடையில் ஆறு வற்றினால் சில்லு நின்றுவிடும். சாணைத் தொழிலாளி தன் துண்டு நிலத்தைக் கவனிக்கச் செல்வான். 1780களில் ஷெபீல்டின் சாணைக்கு நீராவி இயந்திரம் வந்தது. நீராவிக்குக் கோடையும் இல்லை, மாரியும் இல்லை. தொழில் நகரின் உள்ளே நகர்ந்தது. ஒரே கூரையின்கீழ் அறை அறையாகப் பல கற்கள் நெருங்கின. ஒருவன் எழுப்பிய தூசியைப் பலர் சுவாசித்தனர். நீராவி இயந்திரம் உழைப்பின் பளுவைக் குறைத்தது என்று நாம் எழுதும் பொதுவாக்கியம் இவ்விடத்திலே பொருந்தாது. ஓய்வாக வந்த வரட்சியை அது தொழிலாளியிடமிருந்து பறித்துக்கொண்டது என்பதே உண்மை.

இதன் விளைவைப் பதிவுசெய்தவர்களுள் முதன்மையானவர் ஷெபீல்ட் வைத்தியர் அர்னல்ட் நைற். சாணைத் தொழிலாளரின் ஈளைநோய் பற்றி 1830இல் அவர் எழுதினார். நகரிலிருந்த ஏறத்தாழ 2500 சாணைத் தொழிலாளருள் முட்கரண்டிச் சாணைக்காரர் 150 பேர். அவர்களுள் 80 பேர் வளர்ந்தோர், 70 பேர் சிறுவர். இவர்கள் 28க்கும் 32க்கும் இடைப்பட்ட வயதிலே இறந்தனர். சவரக்கத்தி தேய்ப்போர் 40க்கும் 45க்கும் இடையிலும், ஈரச் சாணையில் மேசைக்கத்தி தேய்ப்போர் 40க்கும் 50க்கும் இடையிலும் மாண்டனர். நோயின் போக்கும் பதிவாகியுள்ளது. பதினான்கு வயதில் தொழிலுக்கு வரும் திடகாத்திரமான சிறுவனுக்கு இருபது வயது வரையில் ஒன்றும் தெரியாது. பின்னர் மேட்டில் ஏறும்போதும் படியேறும்போதும் மூச்சு முட்டும். காற்றுக்காகத் தோள்களை உயர்த்திக்கொள்வான், உடல் முன்னோக்கி வளையும், முகம் மண்ணிறமாகும். வேலை செய்யும்போது குனிந்திருந்த அதே நிலையிலேதான் ஓரளவு ஆறுதல் காண்பான். ஷெபீல்டோ மேடுபள்ளங்கள் நிறைந்த நகர். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியே அவனுடைய சுவாசப்பையைப் பரிசோதிக்கும் இடமாயிற்று.

நைற் கூறிய செய்தி ஒன்று இன்றும் வாசிப்போரைத் திடுக்கிட வைக்கும். சாணைத் தொழிலாளருள் நீண்டநாள் உயிர்வாழ்வோர் பெருங்குடிகாரரே என்பது அது. மது அவர்களைக் காக்கவில்லை. குடித்துவிட்டு அடிக்கடி வேலைக்கு வராதிருந்தமையே காத்தது.

இந்நிலையில் 1820களின் தொடக்கத்திலே ஷெபீல்ட் பள்ளி ஆசிரியரான ஜே. எச். ஆபிரகாம் என்பவர் காந்தத்தினாலான பாதுகாப்புச் சாதனம் ஒன்றை அமைத்தார். உருக்குத்தூள் தொழிலாளியின் வாயையும் மூக்கையும் அடையுமுன்னரே காந்தம் அதனை இழுத்துக்கொள்ளும் என்பது அதன் தத்துவம். இலண்டனிலிருந்த கலைகள் சங்கம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. பதக்கம் பெற்ற சாதனத்தைத் தொழிலாளர் ஏற்றுக்கொள்ளவில்லை. காந்தத்தில் ஒட்டும் தூளை இடையிடையே துடைத்தகற்ற வேண்டும். வெப்பமும் இரைச்சலும் நிறைந்த அறையிலே முகத்தருகே இரும்பைச் சுமக்க வேண்டும். தேய்த்த துண்டின் எண்ணிக்கைக்கே கூலி பெறுபவனுக்கு, துடைக்கும் நேரம் கூலியில்லா நேரம். வேறொரு குறையும் இருந்தது. காந்தம் இரும்பை இழுக்குமேயன்றிக் கல்லை இழுக்காது. சுவாசப்பையைத் தழும்பாக்கி இறுக்கியது பெரும்பாலும் மணற்கல்லின் சிலிக்காத் தூசியே என்பது இன்று எமக்குத் தெரியும். அந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்னும் பெயர் 1870ஆம் ஆண்டளவிலேயே இடப்பட்டது. கொலையாளி உருக்குத்தூளே என்று கருதிய காலத்தில் எழுந்த காந்தம், உண்மையான கொலையாளியைப் போகவிட்டது.

ஆகவே அக்கவசத்தை மறுத்தவனை மூடனென்று கூறிவிட முடியாது. ஆனால் வரலாறு இத்துடன் நிற்கவில்லை. காந்தத்திலும் எளியதும் பயனுள்ளதுமான வழி விரைவிலேயே அறியப்பட்டது. கல்லின் முன்னே மரக்குழாய் ஒன்றை அமைத்து, அதன் மறுமுனையில் விசிறியைச் சுழலவிட்டால், தூசி உறிஞ்சப்பட்டுக் கட்டடத்திற்கு வெளியே சென்றுவிடும். கல்லைச் சுழற்றும் வாரே விசிறியையும் சுழற்றும். முகத்தில் எதுவும் அணிய வேண்டியதில்லை. சுவாசப்பை நோய்கள் பற்றி 1843இல் நூலெழுதிய ஷெபீல்ட் வைத்தியர் கல்வேர்ட் ஹொலண்ட் இவ்விசிறியை வலியுறுத்தினார். அதுவும் பரவலாக ஏற்கப்படவில்லை. சில இடங்களிலே தொழிலாளர் தாமே அதனை உடைத்தெறிந்தனர்.

இதற்கு எங்கெல்ஸ் தரும் விளக்கம் பெயர்பெற்றது. இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கம் பற்றி 1845இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்த தமது நூலிலே, நைற்றின் தரவுகளை எடுத்தாண்டு அவர் எழுதுவதன் சாரம் இது: தொழில் பாதுகாப்பானதாகிவிட்டால் மேலும் பலர் இதற்கு வருவர்; ஆட்கள் பெருகினால் கூலி வீழும்; ஆதலாற் குறுகிய வாழ்வாயினும் களிப்பான வாழ்வே போதும் என்று அவர்கள் எண்ணினர். மரணம் இத்தொழிலின் வேலியாக நின்றது. அதனைத் தகர்த்தால் அப்பமும் போகும் என்பது அவர்தம் கணக்கு.

இக்கணக்கு ஷெபீல்ட் தொழிற்சங்கங்களின் பொதுவான போக்கோடு இயைந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தொழிலில் நுழைவோரின் தொகையைக் கட்டுப்படுத்துவதிலே அச்சங்கங்கள் கடுமையாக இருந்தன. சந்தா கட்டாதவனுடைய சாணைக்கல்லின் வாரை இரவோடிரவாகக் கழற்றிச் செல்வது அங்கு ஊரறிந்த தண்டனை. 1866இலே சாணைத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் வெடிமருந்து வெடிக்கச் செய்யப்பட்டது. மறு ஆண்டு விசாரணை செய்த ஆணைக்குழுவின்முன், வாள்ச் சாணைத் தொழிலாளர் சங்கச் செயலாளர் வில்லியம் புறோட்ஹெட் இத்தகைய வன்செயல்களைத் தாமே ஏவியதாக ஒப்புக்கொண்டார். விசிறியை உடைத்த கைக்கும் வாரைக் கழற்றிய கைக்கும் நோக்கம் ஒன்றே. அஃது ஆட்தொகையைச் சுருக்கிக் கூலியைக் காத்தல்.

எனினும் எங்கெல்சின் விளக்கத்தோடு மாத்திரம் அமைதல் போதாது என்பது எனது கருத்து. அதனை வாசிப்போர் தொழிலாளி தன் சாவைத் தானே தேர்ந்துகொண்டான் என்று முடிவுகட்டிவிடுவர். எங்கெல்சுக்கே அது உடன்பாடாக இராது. விசிறிக்கு யார் பணம் கொடுப்பது என்னும் வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். ஷெபீல்டின் சாணைத் தொழிலாளி லங்காஷயரின் பஞ்சாலைத் தொழிலாளி போன்றவனல்லன். கட்டடமும் நீராவி இயந்திரமும் ஒருவருக்குரியன. அங்கே கல் சுழலும் இடத்தையும் அதனைச் சுழற்றும் விசையையும் தொழிலாளி வாடகைக்கு எடுத்தான். தேய்ப்பதற்கான கத்தியை அவனிடம் கொடுத்தவர் மூன்றாமவர். கட்டடக்காரர், தாம் தொழில் நடத்துபவரல்லர் என்றார். கத்தி வணிகர், வேலைத்தலம் தமதன்று என்றார். எஞ்சியவன் வாடகைக்காரன். அவன் விசிறி அமைத்தால் அது பிறர் கட்டடத்திலே பிறர் சொத்தோடு ஒட்டிய பொருளாகிவிடும். அவனோ அடுத்த ஆண்டு வேறிடம் போகலாம். வணிகம் தளர்ந்த ஆண்டுகளிலே, வாடகைக்கே வழியற்றிருந்தவனிடம் இதனை எதிர்பார்க்கவும் முடியாது. மூவருக்கும் பொதுவான தூசி எவருக்கும் உரியதாகவில்லை.

முகமூடிக்கும் விசிறிக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் தெளிவாகின்றது. முகமூடி, வேலை செய்பவனை மாறச் சொல்கின்றது. விசிறி, வேலைத்தலத்தை மாறச் சொல்கின்றது. ஷெபீல்டிலே முன்னையதற்கு முதலிற் பதக்கம் கிடைத்தது. பின்னையதற்குச் சட்டம் கிடைக்க நெடுநாள் சென்றது. இஃது எதிர்பாராது நேர்ந்ததென்று என்னால் நம்ப முடியவில்லை.

இதனாலே தொழிலாளரின் செயல் முற்றிலும் நியாயமாகிவிடுமென்று நான் கருதவில்லை. நைற் தந்த தொகையிலே 70 சிறுவர் இருந்தனர். கூலியின் உயர்வு தாழ்வு பற்றிய வாதத்திலே அவர்கள் பங்குகொண்டவரல்லர். தந்தையின் தொழிலென்பதனாலோ, வறுமையின் நிமித்தம் பயிற்சிக்கு ஒப்படைக்கப்பட்டதனாலோ அவர்கள் அக்கல்லின்முன் அமர்ந்தனர். குறுகிய வாழ்வும் களிப்பும் போதுமென்று அவர்களுக்காக வேறெவரோ முடிவு செய்தனர். தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றைப் பரிவோடு எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவதுண்டு. அவ்வாறு கடத்தல் தகாது.

1860களிலே சிறுவர் தொழில் பற்றிய ஆணைக்குழு ஷெபீல்டையும் விசாரித்தது. 1867ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், சாணைத் தூசி தீங்கு விளைக்கும் இடங்களிலே விசிறி முதலிய பொறிமுறைச் சாதனங்களை அமைக்குமாறு பணிக்கும் அதிகாரத்தைப் பரிசோதகருக்கு வழங்கியது. நைற் எழுதி 37 ஆண்டுகள் சென்றுவிட்டன. முட்கரண்டிச் சாணைக்காரரின் வயதை அளவுகோலாகக் கொண்டால் அஃது ஒரு முழுத் தலைமுறையின் ஆயுளிலும் மிகுதி. அப்பொழுதும் வாடகை வேலைத்தலங்களிலே பொறுப்பாளி யார் என்னும் பழைய வினா தொடர்ந்தது. 1890களின் சட்டங்களே வாடகைத் தொழிற்சாலைகளைத் தனியாகக் கருதி, கட்டட உரிமையாளர்மீதும் கடமை சுமத்தின. 1925இலே சாணைத்தொழிலுக்கெனத் தனி ஒழுங்குவிதிகள் வந்தன.

இதற்கிடையில் கல்லே மாறத் தொடங்கியது. 1891இலே அமெரிக்கரான எட்வேர்ட் அச்சிசன் மின்னுலையில் கார்போரண்டம் என்னும் செயற்கைத் தேய்பொருளை ஆக்கினார். இதனாலும் இதனையொத்த பொருள்களாலும் செய்த சில்லுகள் மெல்ல மெல்ல மணற்கல்லின் இடத்தைப் பிடித்தன. சிலிக்கா மிகுந்த மணற்கல் அகன்ற வேலைத்தலங்களிலே பழைய நோயும் தணிந்தது. அச்சிசன் அரிய கற்களுக்கு ஒப்பான கடினப் பொருளைத் தேடினாரேயன்றித் தொழிலாளியின் சுவாசத்தைக் காக்கப் புறப்பட்டவரல்லர். எனினும் எந்த முகமூடியும் செய்யாத நன்மையை அச்சில்லு செய்தது.

சந்தி வேலைத்தலத்திலே நாம் காணும் கைக் கிரைண்டர் இப்பரம்பரையின் இளைய பிள்ளை. 1954இலே ஜேர்மனியின் அக்கெர்மன் சிமிற் நிறுவனம் இத்தகைய கோணக் கிரைண்டரை வெளியிட்டது. ஷெபீல்டிலே கல் நிலைத்து நிற்க, மனிதன் உருக்கை அதனிடம் கொண்டு சென்றான். இங்கே மனிதன் கல்லையே கையிலெடுத்துக்கொண்டு இரும்பிடம் செல்கின்றான். நாலரை அங்குல வட்டு நிமிடத்துக்கு 11,000 தடவை சுழலுமாயின் அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 66 மீற்றர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும். அவ்வேகத்தில் வட்டு உடைந்தாலும், காப்புறை கழற்றப்பட்டிருந்தாலும் விளைவது யாதென விரித்துரைக்க வேண்டியதில்லை. கண்ணாடி, முகத்தகடு, கையுறை, தூசி முகமூடி ஆகிய யாவும் இக்கருவிக்கு வேண்டியனவே. இவற்றுட் கண்ணாடியை எதனாலும் ஈடுசெய்ய முடியாது. முகத்திற் கட்டும் கைக்குட்டையோ நுண்டூசியைத் தடுக்காது.

சட்டம் எம்மிடமும் உண்டு. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1937ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தை அடியொற்றியது. ஷெபீல்டின் ஒரு நூற்றாண்டுத் துயரத்தின் சுவடு அதனூடாக எமது சட்டப் புத்தகத்திலும் பதிந்துள்ளது. கண் பாதுகாப்பும் அதிலே பேசப்படுகின்றது. சாதனத்தை வழங்கும் கடமை வேலைகொள்வோனுக்கும், பயன்படுத்தும் கடமை வேலை செய்பவனுக்கும் உரியது.

மணற்கல் சென்ற பின்னரும் சிலிக்கா செல்லவில்லை. சமையலறை மேடைகளுக்கெனக் குவாட்ஸ் தூளையும் பிசினையும் கலந்து செய்யும் செயற்கைக்கல் அண்மைத் தசாப்தங்களிலே உலகெங்கும் பரவியது. அவற்றுட் பலவற்றிலே சிலிக்கா 90 வீதத்துக்கும் மேல். கைக் கிரைண்டரால் அதனை வெட்டிய தொழிலாளர் இஸ்ரேல், ஸ்பெயின், அவுஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலே இளவயதில் சிலிக்கோசிசுக்கு ஆளாயினர். முகமூடியும் நீர் பாய்ச்சி வெட்டும் முறையும் விதிகளிலே இருந்தன. நோய் நிற்கவில்லை. ஈற்றில் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1ஆம் திகதி முதல் அக்கல்லையே தடை செய்தது. தொழிலாளியின் முகத்திலே மேலும் ஒன்றை மாட்டுவதை விடுத்து, அவன் கையிலிருந்த பொருளை அகற்றும் இம்முடிவுக்கு, நைற் எழுதிய நாளிலிருந்து 194 ஆண்டுகள் சென்றன.

ஊர்ச் சந்தி வேலைத்தலத்திற்கு இன்னுமொரு முறை சென்றேன். இம்முறை கண்ணாடியைப் பற்றி வேறு விதமாகக் கேட்டேன். கிரைண்டர் அவருடையது. கட்டடமும் மின்சாரமும் முதலாளியுடையன. கூலி நாட்கணக்கில் அன்று. ஒரு கேற்றுக்கு இவ்வளவு என்று. கண்ணாடியை எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தேன். பொறிபட்டுப் பட்டு இரு வில்லைகளும் மங்கிக் கிடந்தன, அதனூடாக என் கைவிரல்களே தெளிவாகத் தெரியவில்லை. இது யார் வாங்கியது என்று கேட்டேன். “முந்தி இங்க நிண்ட பெடியன்ரை. அவன் போகேக்க விட்டிட்டுப் போனவன்” என்றார்.